பிப்ரவரி 1க்குப் பிறகு வரும் கடிதங்கள்

டெக்சாஸில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு வருமான வரிக் கெடுவான ஏப்ரல் 15ஐவிட ஜனவரி 31 முக்கியமான நாள். அன்றைக்குள் சொத்து வரி கட்டாவிட்டால் மறுநாள் முதல் அது பாக்கி. அதன் பிறகு தபால் பெட்டி நிறைய ஆரம்பிக்கும். வரி வசூலிக்கும் கவுண்டியிலிருந்து, அதாவது மாவட்ட நிர்வாகத்திலிருந்து, வரும் கடிதம் ஒன்றிரண்டுதான் இருக்கும். மற்றதெல்லாம் கடன் கொடுக்கும் கம்பெனிகள் அனுப்புவது. யார் வரி கட்டவில்லை என்பது இங்கே பொது ஆவணம். பட்டியலை எடுத்து எல்லா முகவரிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். சில உறைகளைப் பார்த்தால் அரசாங்கத்திலிருந்து வந்தது மாதிரியே இருக்கும். 'உங்கள் வரியை இன்றே நாங்கள் கட்டிவிடுகிறோம், கிரெடிட் ஸ்கோர் தேவையில்லை, கையிலிருந்து ஒரு டாலர் வேண்டாம்' என்று உள்ளே எழுதியிருக்கும்.

டாலஸ் பக்கம் நம் ஆட்கள் பலருக்கு இந்தக் கடிதங்களைப் படித்து விளக்கும் வேலை எப்படியோ என் கைக்கு வந்துவிட்டது. நான் வக்கீலோ ஆடிட்டரோ இல்லை. சட்டத்தைப் படிக்கப் பொறுமை உண்டு, போன் பண்ணிக் கேட்கத் தயக்கம் இல்லை, அவ்வளவுதான். பார்த்தவரையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. பாக்கி விழுந்த வீட்டுக்காரர் முதலில் கூப்பிடுவது கடன் கம்பெனியை. கவுண்டி டாக்ஸ் ஆபீஸைக் கடைசியில் கூப்பிடுகிறார், அல்லது கூப்பிடுவதே இல்லை. இந்த வரிசை மாறினாலே பல குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் மிஞ்சும். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

கூப்பிடாததற்குக் காரணம் புரிகிறது. அரசாங்க அலுவலகம் என்றாலே நமக்கு ஒரு பயம். வேலை போன நேரமாக இருந்தால் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. விசாவில் இருப்பவர்களுக்கு இதனால் வேறு ஏதாவது சிக்கல் வந்துவிடுமோ என்ற கவலை. சொத்து வரி பாக்கி ஒரு சிவில் விவகாரம். டாக்ஸ் ஆபீஸில் போனை எடுப்பவருக்கு தினமும் வரும் நூறு அழைப்புகளில் உங்களுடையதும் ஒன்று.

பாக்கி எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுப்பில்லாதவர்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரையில் அதிகம் மாட்டுபவர்கள் புது வீடு வாங்கியவர்கள். இந்த மாநிலத்தில் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருந்ததோ அதை வைத்துத்தான் அந்த வருடத்து வரி. நீங்கள் ஆகஸ்டில் குடிபோகும் வீடு ஜனவரியில் வெறும் மனையாக இருந்திருக்கும். முதல் வருடம் மனைக்கு மட்டும் வரி வரும். 4,50,000 டாலர் வீட்டில் மனையின் மதிப்பு 90,000 என்று வையுங்கள். வரி விகிதம் 2.3 சதவீதம் என்றால் முதல் பில் 2,070 டாலர். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் 10,350. சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்குத் தரும் ஹோம்ஸ்டெட் கழிவு கிடைத்தால் கொஞ்சம் குறையும், ஆனாலும் அடி அடிதான். மாநில வருமான வரி இல்லாத ஊர் என்று சந்தோஷப்பட்டு வந்தவர்களுக்கு அந்தப் பணம் எந்த வழியாக வசூலாகிறது என்பது இந்த இரண்டாவது பில்லில்தான் தெரிகிறது.

மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ ஏற்பாடு இருந்தால், வீட்டுக் கடன் கொடுத்த மார்ட்கேஜ் கம்பெனியே வரியைக் கட்டிவிடும். பாக்கி விழாது, ஆனால் மாதத் தவணை எகிறும். மேலே சொன்ன கணக்கில் புது வரிக்காக மாதம் 690 டாலர் கூடும். போன வருடம் குறைவாகப் பிடித்த 8,280 டாலரை 12 மாதத்தில் பிரித்தால் அது இன்னொரு 690. திடீரென்று மாதத்துக்கு 1,380 டாலர் அதிகம். 20 சதவீதம் முன்பணம் போட்டு, 'நம் பணம் நம்மிடமே இருக்கட்டும்' என்று எஸ்க்ரோ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நிலை இன்னும் கஷ்டம். முழு பில்லும் நவம்பர், டிசம்பரில் மொத்தமாக வந்து நிற்கும். அந்தச் சமயம் பார்த்து வீட்டில் ஒருவருக்கு வேலையும் போனால், கெட்டிக்காரத்தனமாகக் குடும்பம் நடத்துபவர்கள்கூடத் தடுமாறுவார்கள்.

பாக்கி விழ இன்னொரு வழியும் உண்டு. புறநகர்ப் புதுக் குடியிருப்புகள் பலவற்றில் தண்ணீர், சாக்கடை வசதிக்காக முட் (MUD) என்று தனியாக வரி வசூலிக்கும் ஓர் அமைப்பு இருக்கும். அதன் பில் சில இடங்களில் கவுண்டி பில்லோடு சேராமல் தனியாக வரும். கவுண்டிக்குக் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள், முட் பாக்கி வளர்ந்துகொண்டிருக்கும். பில் வரவில்லை என்ற காரணமும் செல்லாது. பில் கைக்குக் கிடைக்காவிட்டாலும் வரியும் அபராதமும் செல்லும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. டாக்ஸ் ஆபீஸ் அல்லது மதிப்பீட்டு அலுவலகத்தின் தவறால்தான் தாமதம் ஆனது என்று காட்ட முடிந்தால் மட்டும் அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். அதற்கும் கெடு உண்டு, பாக்கி விழுந்த நாளிலிருந்து 181ஆவது நாளுக்கு முன் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

சரி, பாக்கி விழுந்துவிட்டது. எவ்வளவு வேகமாக வளரும்?

பிப்ரவரியில் அபராதம் 6 சதவீதம், வட்டி 1 சதவீதம், ஆக 7. அதன் பிறகு ஜூன் வரை மாதம் அபராதம் 1, வட்டி 1 என்று ஏறும். மார்ச்சில் 9, ஏப்ரலில் 11, மே மாதம் 13, ஜூனில் 15. ஜூலை 1 அன்று அபராதம் 12 சதவீதமாகத் தாவி, வட்டியோடு சேர்த்து மொத்தம் 18 ஆகிவிடும். அதே நாளில் வசூல் வக்கீல் செலவு என்று 20 சதவீதம் வரை இன்னொரு அபராதமும் சேர்க்க முடியும். வரி, அபராதம், வட்டி மூன்றும் சேர்ந்த தொகையின் மேல் அந்த 20 சதவீதம் விழும். 9,000 டாலர் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் 9,630. ஜூன் 30 அன்று கட்டினால் 10,350. மறுநாள் ஜூலை 1 அன்று, முழு 20 சதவீதமும் போட்டால், 12,744. ஒரே ராத்திரியில் 2,394 டாலர் கூடிவிடுகிறது. ஜூன் மாதக் கடைசி வாரத்தில் எந்தக் கல்லைப் புரட்டியாவது கட்டிவிடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். முழுத் தொகை புரளாவிட்டால் இருப்பதையாவது கட்டுங்கள். பல கவுண்டிகள் பகுதிப் பணம் வாங்கிக்கொள்கின்றன. மிச்சத்துக்குத்தான் அதன் பிறகு வட்டி ஓடும்.

இப்போது டாக்ஸ் ஆபீஸுக்கு வருகிறேன். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் கழிவு இருந்து, கடந்த 24 மாதத்தில் அந்த அலுவலகத்தோடு தவணை ஒப்பந்தம் எதுவும் போடவில்லை என்றால், நீங்கள் கேட்டதும் அவர்கள் தவணை கொடுத்தே ஆக வேண்டும். டெக்சாஸ் வரிச் சட்டத்தின் 33.02ஆம் பிரிவு சொல்வது இது. கருணையின் பேரில் கிடைக்கிற சலுகை என்று நினைக்காதீர்கள், இது உங்கள் உரிமை. குறைந்தது 12 மாதம், அதிகபட்சம் 36 மாதம். பாக்கித் தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி ஓடும். ஒப்பந்தப்படி கட்டிக்கொண்டிருக்கும்வரை வீட்டைப் பறிக்கும் நடவடிக்கை எடுக்க முடியாது. இதற்கு கிரெடிட் ஸ்கோர் பார்க்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்த வரி முழுவதையும் ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், பின்வாங்க முடியாது. அதனால் பில்லில் தவறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், ஜூலையில் வரும் அந்த 20 சதவீதம் ஒப்பந்தத்தில் இருக்கும் தொகை மேல் விழுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேளுங்கள். குடியிருக்காத வீடு, அதாவது வாடகைக்கு விட்ட வீடு என்றால் தவணை கொடுப்பது அவர்கள் விருப்பம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பில்லைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அதில் முதலில் பார்க்க வேண்டியது ஹோம்ஸ்டெட் கழிவு இருக்கிறதா என்பது. குடிபோன அவசரத்தில் விண்ணப்பிக்க மறந்தவர்கள் நம்மில் ஏராளம். பள்ளி வரிக்கான இந்தக் கழிவு 2023 நவம்பரில் 1,00,000 டாலராகவும், 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதலோடு 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. பள்ளி வரிதான் பில்லில் பெரிய பங்கு என்பதால் இது கணிசமான பணம். வரி பாக்கியாகும் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் பழைய வருடத்துக்கும் கிடைக்கும். பாக்கி என்று நினைத்த தொகையில் ஒரு பகுதி இப்படியே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். 33.02ஆம் பிரிவின் தவணை உரிமைக்கும் இந்தக் கழிவுதான் சாவி.

65 வயது தாண்டிய வீட்டுக்காரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வேறு கதவுகள் உண்டு. வரியை நான்கு சம தவணையாக அபராதமில்லாமல் கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் மதிப்பீட்டு அலுவலகத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, அந்த வீட்டில் சொந்தக்காரராகக் குடியிருக்கும் காலம் முழுக்க வரியைத் தள்ளிவைக்கலாம். ஆண்டுக்கு 5 சதவீத வட்டி மட்டும் சேரும். வீட்டை விற்றாலோ காலி செய்தாலோ பாக்கி முழுவதும் கட்ட வேண்டிவரும். மார்ட்கேஜ் இன்னும் ஓடுகிற வீடு என்றால் அந்தக் கம்பெனியிடம் பேசாமல் இதைச் செய்ய வேண்டாம், வரி நிலுவையை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. இந்த ஏற்பாடு தெரியாமல் வயதானவர்கள் இரட்டை இலக்க வட்டிக்குக் கடன் வாங்குவதை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி அந்தக் கடிதங்களில் சொல்லும் கடன். டெக்சாஸ் சட்டம் இதை அனுமதிக்கிறது, இதற்கு உரிமம் வாங்கிய கம்பெனிகள் இருக்கின்றன. மாநிலத்தின் நுகர்வோர் கடன் ஆணையர் அலுவலகம் அவற்றைக் கண்காணிக்கிறது. ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. கம்பெனி உங்கள் வரியைக் கவுண்டிக்குக் கட்டிவிடும். சொத்தின் மேல் கவுண்டிக்கு இருந்த பிடிமானம், லீன் என்கிறோமே, அது கம்பெனி பெயருக்கு மாறிவிடும். ஆண்டு வட்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 18 சதவீதம். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் மூன்று நாளுக்குள் ரத்து செய்யலாம்.

இந்த லீன் மாறுகிற விஷயத்தைத்தான் கடன் வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. வரி லீன் மார்ட்கேஜுக்கும் முன்னால் நிற்கும். நாளைக்கு வீடு ஏலத்துக்குப் போனால் முதலில் பணம் எடுப்பவர் வரிக் கடன் கொடுத்தவர், அதன் பிறகே மார்ட்கேஜ் கம்பெனி. எந்த மார்ட்கேஜ் கம்பெனிக்கும் இது பிடிக்காது. தங்களுக்கு முன்னால் இன்னொரு லீன் வரவிடக் கூடாது என்று மார்ட்கேஜ் பத்திரங்களில் பொதுவாகவே ஒரு நிபந்தனை இருக்கும். அவர்களே அந்தக் கடனை அடைத்துவிட்டு உங்கள் கணக்கில் ஏற்றலாம். எளிதாகக் கிடைத்த கடன் இரண்டு கம்பெனிக்கு நடுவில் உங்களை நிறுத்திவிடும்.

கணக்கையும் பாருங்கள். அதே 9,000 டாலர் வரி, பிப்ரவரியில் 9,630. கட்டணம் 900 சேர்த்து 10,530 டாலரை 14 சதவீதத்துக்குப் பத்து வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 163 டாலர். விளம்பரத்தில் இந்த 163தான் பெரிய எழுத்தில் வரும். பத்து வருடத்தில் கட்டுவது சுமார் 19,600. கவுண்டியிடம் 36 மாதத் தவணை போட்டிருந்தால் மாதம் 315 டாலர் அளவில், மொத்தமாக 11,300 டாலரை ஒட்டி முடிந்திருக்கும். மாதத் தொகை இரண்டு மடங்கு, உண்மைதான். வேலையில்லாத வீட்டில் 163க்கும் 315க்கும் உள்ள தூரம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து வருடமும் அடுத்தடுத்த ஆண்டு வரி தனியாக வந்துகொண்டிருக்கும். ஒரு வருடத்து வரியைக் கடனில் தள்ளியவர் மறு வருடமும் அதே கம்பெனியைக் கூப்பிடுகிறார். ஏற்கெனவே கொடுத்த கம்பெனி இன்னும் சுலபமாகக் கொடுக்கும். பழைய தவணையும் புதிய தவணையும் சேர்ந்து நிற்கும்போதுதான் வீட்டை விற்கும் பேச்சு வருகிறது.

இந்தக் கடன் பத்திரங்களிலும் விளம்பரங்களிலும் ஒரு வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் டாக்ஸ் ஆபீஸ் இதைவிடச் செலவு குறைந்த தவணைத் திட்டம் தரக்கூடும், அங்கே விசாரித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். யாராவது கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தால் நான் முதலில் தேடிக் காட்டுவது அந்த வாசகத்தைத்தான்.

எப்போது இந்தக் கடன் நியாயம்? ஜூன் முடியப்போகிறது, கவுண்டி தவணை கிடைக்கவில்லை, அல்லது ஏற்கெனவே போட்ட தவணை முறிந்து வழக்கு வரும் நிலை. இரண்டு மூன்று மாதத்தில் பணம் வருவது உறுதி, முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்று எழுத்தில் கிடைத்திருக்கிறது. மார்ட்கேஜ் இல்லாத வீடாகவும் இருந்தால், சரி, எடுக்கலாம். அப்போதும் குறைந்தது மூன்று கம்பெனியிடம் வட்டியும் கட்டணமும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா என்பதை ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

மற்ற கடன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு மதிப்பின் மேல் எடுக்கும் ஹோம் ஈக்விட்டி கடனுக்கு வட்டி பொதுவாகக் குறைவு. ஆனால் டெக்சாஸ் அரசியல் சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. மார்ட்கேஜும் இதுவும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 80 சதவீதம் தாண்டக் கூடாது, விண்ணப்பித்து 12 நாளாவது ஆக வேண்டும், வருடத்துக்கு ஒன்றுதான். புது வீடு வாங்கி ஒரு வருடம் ஆனவருக்கு 80 சதவீதத்துக்குக் கீழே இடமே இருக்காது. வேலை போன பிறகு கேட்டால் வங்கி கொடுக்காது. 401கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து உங்கள் பங்கில் பாதி, அதிகபட்சம் 50,000 டாலர் வரை கடன் எடுக்கலாம். ஐந்து வருடத்தில் திருப்ப வேண்டும், வட்டி உங்கள் கணக்குக்கே போகும். வேலையை விட்டால் அந்தக் கெடு சுருங்கிவிடும், அதைத் தவறவிட்டால் வருமான வரியும், 59½ வயதுக்குள் இருந்தால் 10 சதவீத அபராதமும் சேரும். வேலை நிலையாக இருந்து, ஒரு வருடத்து அதிர்ச்சியை மட்டும் சமாளிக்க வேண்டும் என்றால் எனக்கு இது பரவாயில்லை என்று தோன்றும். கிரெடிட் கார்டில் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கார்டுக் கட்டணம் தனியாக உண்டு, அதற்கு மேல் கார்டு வட்டி. அடுத்த மாதமே அடைக்க முடியாதவர்கள் தொட வேண்டாம்.

மார்ட்கேஜ் கம்பெனியையும் கூப்பிட்டுப் பேசலாம். எஸ்க்ரோ இல்லாத கணக்கிலும், தங்கள் பிடிமானத்தைக் காப்பாற்ற வரியை அவர்களே கட்டிவிட்டு எஸ்க்ரோவைக் கட்டாயமாக்க முடியும். அவர்கள் கட்டும்வரை காத்திருந்தால் அபராதத்தோடு வரும். முன்கூட்டியே பேசி, நீங்களாகவே எஸ்க்ரோவுக்கு மாறி, பற்றாக்குறையை எத்தனை மாதத்தில் பிரித்துத் தர முடியும் என்று கேட்டால் சில சமயம் 12 மாதத்துக்கு மேலும் கிடைக்கும்.

நோட்டீஸ் எல்லாம் தாண்டி வழக்கு வந்துவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். டெக்சாஸ் ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு மிக வலுவானது, கிரெடிட் கார்டு கடனுக்கு வீட்டைத் தொட முடியாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை, ஆனால் சொத்து வரி அந்தப் பாதுகாப்புக்கு விலக்கு. கோர்ட் சம்மனை மேஜை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். வழக்கு நடக்கும்போதும் கவுண்டியின் வக்கீல்கள் தவணை பேசுவார்கள். தீர்ப்பாகி வீடு ஏலம் போனாலும், குடியிருந்த ஹோம்ஸ்டெட் என்றால், ஏலப் பத்திரம் பதிவான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மீட்க உரிமை உண்டு. ஏலத்தில் எடுத்தவர் கொடுத்த தொகை, செலவு எல்லாவற்றுக்கும் மேல் முதல் ஆண்டு 25 சதவீதம், இரண்டாம் ஆண்டு 50 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு இந்தக் கெடு 180 நாள்தான்.

ஏலத்தில் பாக்கியைவிட அதிகமாக வந்த பணம் யாருக்கு என்ற கேள்வி சில மாநிலங்களில் அநியாயமாகவே இருந்துவந்தது. மினியாபொலிஸில் 94 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டை, அபராதத்தோடு சேர்ந்து 15,000 டாலராக வளர்ந்த பாக்கிக்காக எடுத்து 40,000 டாலருக்கு விற்ற கவுண்டி, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் டைலர் எதிர் ஹென்னபின் கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் அந்த உபரிப் பணம் கோர்ட் கிளார்க்கிடம் இருக்கும். தானாக உங்கள் முகவரிக்கு வராது. ஏலம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கு நடந்த அதே கோர்ட்டில் மனு போட்டுக் கேட்க வேண்டும். மனுவை நாங்கள் போட்டுத் தருகிறோம், வந்ததில் பங்கு கொடுங்கள் என்று அப்போதும் கடிதங்கள் வரும். எதிலும் கையெழுத்துப் போடும் முன் கிளார்க் அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து, உங்கள் வழக்கு எண்ணைச் சொல்லி, எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேளுங்கள்.